பன்னிரண்டு பக்கத்தில் இல்லாத ஒருத்தி

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லாமல், புளி காயப்போட்டிருக்கிறது, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். மழை வரவில்லை. அடுத்த மாதம் வடக்கே அந்தப் பெரிய கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகிறாய். அங்கே சொல்லிக்கொடுப்பதற்காக நம் புளிக் கம்பெனியின் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுகிறாய். எல்லாம் தெரிகிறது, ஆனால் நான் எதற்காகத் தலைவர் பதவியை விட்டேன் என்பது மட்டும் புரியவில்லை என்று கேட்டாய். வயதாகிவிட்டது, மூட்டு வலி என்று அப்போது உன்னிடம் சொல்லியிருந்தேன். மூட்டு வலி உண்மைதான். ஆனால் அதைக் காரணமாக எழுதினால் உன் முதல் பாகத்தில் இருந்த ஓட்டை இரண்டாம் பாகத்திலும் இருக்கும். அந்த ஓட்டையை வைத்தவள் நான்தான். அதனால் இதை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். அன்றைக்கு உன் வகுப்பில் நீ போர்டு பக்கத்தில் நின்றாய், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றையே பார்த்தோம் என்று சொல்ல முடியாது.

முதலில் ஒரு பழைய தவறைச் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையில் அந்தக் கண்ணாடிக் கட்டட வேலையை விட்டுவிட்டு, எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு வாத்தியாராகப் போகிறேன் என்று சொன்னபோது நான் நான்கு மாதம் உன்னோடு பேசவில்லை. அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அந்த நான்கு மாதம் மட்டுமில்லை, அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சொந்தக்காரர்களிடம் நீ அந்தக் கம்பெனியிலேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். போளூரில் ஒரு கல்யாணத்தில் உன் பெரியம்மா கேட்டபோது, பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொன்னேன். பக்கத்தில் நின்ற உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கேட்பவர்களுக்கு ஏற்றமாதிரி கதையை வெட்டி ஒட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. இதை எழுதும்போதுதான் எனக்கே அது தெரிகிறது.

நம் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று நீ எழுதியதையே திரும்பச் சொல்லவேண்டாம். மலை மேல் புளி உலுக்கி, ஓடு நீக்கி, சாக்கில் கட்டிச் செங்கம் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்த நாங்கள், ஒன்றாகச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தோம். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள் என்பதால் என்னைத் தலைவராக உட்கார வைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்தோம். கொட்டை தட்டிச் சுத்தம் செய்த புளியை நகரத்தில் இருக்கிற பெரிய கம்பெனி ஒன்றுக்கு மொத்தமாக விற்கிற ஏற்பாட்டை நான்தான் பேசி முடித்தேன். அன்றைக்கு லாரி மலை ஏறி வந்ததைப் பார்க்க மூன்று ஊர் ஜனம் நின்றது. அந்த லாரியை நான் வரவழைத்தேன் என்கிற நினைப்பு என் தலையை விட்டு இறங்கவே இல்லை. பல வருடம் கழித்து அதே ஆட்கள், ஐந்து வருடத்துக்கு எல்லாப் புளியையும் எங்களுக்கே கொடுக்கவேண்டும், நிறம் கறுக்காமல் வைக்கக் குளிர் குடோன் ஒன்றை நீங்களே கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தபோது, நான் கட்டடத்தின் வாசலில் பதிக்கப்போகிற கல்லில் என் பெயர் எந்த வரியில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் நீ கோடை விடுமுறைக்கு வந்தாய். நம் கம்பெனியைப் பற்றி ஒரு கேஸ் எழுதப்போகிறேன் என்றாய். மலையில் கேஸ் என்றால் ஸ்டேஷன், கோர்ட்டு. நான் பயந்துபோய் உன் அப்பாவிடம், "பையன் எம்மேல கேஸ் எழுதப்போறானாம், நீ இன்னான்னு கேளு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, எழுதட்டும், இத்தனை வருடத்தில் யாராவது ஒருத்தர் எழுதவேண்டியதுதான் என்றார். நீதான் பிறகு பொறுமையாக விளக்கினாய். ஒரு கம்பெனி கஷ்டமான முடிவு எடுக்கவேண்டிய இடத்தில் கதையை நிறுத்திவிடுவார்களாம், மாணவர்கள் அதைப் படித்துவிட்டு வந்து, நாமாக இருந்தால் என்ன செய்வோம் என்று வகுப்பில் வாதாடுவார்களாம். முடிவு எழுதப்படாத கதையை எதற்குப் படிக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது.

நீ மூன்று வாரம் சுற்றினாய். டிரைவரிடம் பேசினாய், எடை போடுகிறவரிடம் பேசினாய், கொட்டை தட்டுகிற பெண்களோடு உட்கார்ந்து விரல் நசுங்கத் தட்டியும் பார்த்தாய். என்னிடம் இரண்டு முழு நாள் கேட்டாய். நான் நன்றாகச் சொன்னேன். ஒரு இடத்தில், இந்த ஒரே ஆளுக்கு விற்கிற ஏற்பாட்டை யாராவது எதிர்த்தார்களா அம்மா என்று கேட்டாய். இல்லையே, எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்றேன். நீ அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாய். நீ தலை குனிந்து எழுதியதை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். அம்மா சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்பதுபோல இருந்தது உன் கை போன வேகம்.

அப்புறம் என்னைச் சென்னைக்கு அழைத்தாய். பன்னிரண்டு பக்கக் கதையில் மலைக்குப் பெயர் இல்லை, எனக்கும் பெயர் இல்லை, 'தலைவி' என்று மட்டும் இருந்தது. கடைசி வரியில் அந்தத் தலைவி ஒப்பந்தக் காகிதத்தையும் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதோடு முடிகிறது. என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, இவங்க எங்க ஊர்க்காரங்க, இங்கிலீஷ் தெரியாது, அதனால் இன்றைக்குத் தமிழிலேயே பேசலாம் என்றாய். பாதிப் பிள்ளைகள் தமிழில் வாதாட முடியாமல் திணறியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம்தான் அந்தச் சிரிப்பு.

நீ பாடம் நடத்துவதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். பாடம் நடத்துகிறவன் பேசிக்கொண்டே இருப்பான் என்று நினைத்திருந்தேன். நீ பேசவே இல்லை. ஒரு பையன் எழுந்து, கையெழுத்துப் போடவேண்டும், ஐந்து வருடம் நிம்மதி என்றான். நீ அதை போர்டில் எழுதினாய். இன்னொரு பெண் கூடாது என்றாள், அதையும் எழுதினாய். யார் சரி என்று உன் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள எல்லாரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்து நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு, அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாய். பக்கத்தில் இருந்தவன் குறுக்கே பேச வந்தபோது, கையை மட்டும் லேசாகக் காட்டி நிறுத்தினாய். எனக்கு அங்கேயே கண் கலங்கியது. பத்து பேர் பேசுகிற கூட்டத்தில் பேசாத பதினோராவது ஆளை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அப்புறம் நீ கேட்டாய்: "சரி, நீங்கதான் அந்தத் தலைவி. நாளைக்குக் காலையில எழுந்ததும் முதல்ல யார்கிட்ட போய்ப் பேசுவீங்க?"

நடு வரிசையில் இருந்த ஒல்லியான ஒரு பெண், காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"யாரும் இல்ல சார். இந்தப் பன்னெண்டு பக்கத்துல அவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்ன ஆள் யாருமே இல்ல. இத்தனை பேர் இருக்கற கம்பெனியில அது எப்படி? யாரோ ஒருத்தர் இதுல காணோம். எழுதினவர் விட்டிருக்கணும், இல்லன்னா அந்தம்மா விட்டிருக்கணும்."

நீ கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணையே பார்த்தாய். என்னைத் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை. போர்டில் ஓர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, "எழுதினவன் நான். நான் விட்டிருக்கலாம். இன்னும் கேட்டிருக்கணும்" என்றாய். என் பொய்க்கு நீ பொறுப்பு ஏற்றுக்கொண்டாய், அது பொய் என்று தெரியாமலே. அறுபது பிள்ளைகள் எதிரில், தன் எழுத்தில் குறை இருக்கலாம் என்று ஒரு வாத்தியார் அவ்வளவு சாதாரணமாகச் சொல்வதை நான் பார்த்தேன். அந்தப் பெண் சந்தோஷமாக உட்கார்ந்தாள். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில், பதில் இன்னா என்று உன்னைக் கேட்டேன். தெரியலம்மா என்றாய். தெரியாமலா இவ்வளவு நேரம் நடத்தினே என்றதற்கு, தெரிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாமே என்று சிரித்தாய். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இல்லையா என்று மூன்று முறை கேட்டாய். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் காணாமல் போனவளைச் சொல்கிறேன். அவள் பூங்காவனம். உனக்கு அவளைத் தெரியும், இப்போது நம் தலைவராக இருக்கிறவள்தான். ஆனால் கம்பெனி ஆரம்பித்த முதல் நாளிலிருந்து அவள் என்னோடு டைரக்டராக இருந்தவள் என்பது உனக்குத் தெரியாது. அப்போது நீ வெளியூரில் படித்துக்கொண்டு இருந்தாய். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். ஆனால் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்ததில் முக்கால்வாசி அவள் செய்தது. அந்தப் பெரிய கம்பெனி அதிகாரி முதல்முறை மலைக்கு வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் எழுந்து, "அவங்க ஒரு வருசம் வேணாம்னு சொல்ட்டா நம்ம புளிய இன்னா பண்றது?" என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது, ஏனென்றால் என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டாள், அதற்கு அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். சண்டை போடுகிற மாதிரி இல்லை, குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வருடம் டைரக்டர்களை மறுபடி தேர்ந்தெடுக்கிற நேரம் வந்தபோது, எட்டாவது படித்தவர்கள்தான் இருக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று பூங்காவனத்திடம் சொன்னேன். அப்படி ஒரு சட்டம் இல்லை. மற்ற டைரக்டர்களிடம், வீட்டில் வேலை அதிகம், அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அலுவலகச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது, அதை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் புளி கொண்டுவந்து போடுவாள், ரசீது வாங்குவாள், போய்விடுவாள். நம் வீட்டு வழியாகப் போகமாட்டாள்.

சென்னையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு போளூரில் இறங்கி மலை பஸ் பிடித்தேன். நம் ஊருக்கு டிக்கெட் எடுத்தவள், இரண்டு ஊர் முன்னாலேயே இறங்கிப் பூங்காவனம் வீட்டுக்கு நடந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். அந்தச் சட்டம் பொய், நான் சொன்னது பொய் என்று.

"தெரியும்" என்றாள். "அடுத்த வருசமே கைநாட்டு வெக்கிற ஆளு ஒருத்தர டைரக்டரா போட்டியே, அப்பவே தெரியும்."

"அப்போ ஏன் வந்து கேக்கல?"

"கேட்டதுக்குத்தானே அனுப்பிச்சே."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில், இப்போ இன்னா வோணும் என்றாள். அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்கவேண்டும், எல்லார் எதிரிலும், என்றேன். கேக்கறேன், ஆனா இந்த வாட்டி நீ பதில் சொல்லணும் என்றாள். எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுவதையும் குடித்தேன்.

மறுநாள் உனக்குப் போன் செய்து, மலைக்கு வந்து அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்து என்று நான் கேட்டதன் பின்னால் இதுதான் இருந்தது. நீ என்ன ஏது என்று கேட்காமல் அடுத்த சனிக்கிழமை வந்து நின்றாய். குடோனில் தொண்ணூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் காகிதம் கொடுக்காமல், ஏதோ ஒரு மலையில் ஒரு புளிக் கம்பெனி என்று கதையாகச் சொன்னாய். பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த காளியப்பன், இது நம்ம தலைவரு ஆச்சே என்றார். நீ முகம் மாறாமல், அது வேற மலைங்க என்றாய். கூட்டமே சிரித்தது.

ஆனால் யாரும் பேசவில்லை. ஆளாளுக்கு முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள். நீ அதைக் கவனித்துவிட்டாய். என்னை வெளியே போய் உட்காரச் சொல்வாய் என்று நினைத்தேன், நீ அதைச் சொல்லவில்லை. போர்டையும் சாக்பீஸையும் காட்டி, "எனக்குத் தமிழ் எழுத்து வேகமா வராதுங்க, நீங்க வந்து எழுதித் தர்றீங்களா?" என்று என்னைக் கேட்டாய். நான் வந்து நின்றேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது, நான் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், என் முதுகு அவர்களுக்கு. என் முகம் தெரியாததால் ஒருத்தர் பின் ஒருத்தராகப் பேச ஆரம்பித்தார்கள். என்னை அவமானப்படுத்தாமல், என்னை அனுப்பாமல், என் கையாலேயே அவர்கள் பேச்சை எழுதவைத்தாய். கண்ணு, இதை எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பின்னாலிருந்து பூங்காவனத்தின் குரல் கேட்டது. அதே கேள்வி, ஒரு சொல் மாறவில்லை. அதையும் நான்தான் எழுதவேண்டி இருந்தது. எழுதி முடித்துத் திரும்பினேன். நீ காத்திருந்தாய். நான், "எனக்குத் தெரியல" என்றேன். பதினோரு வருடத் தலைவர் வாயிலிருந்து அந்தச் சொல் அன்றைக்குத்தான் முதல்முறை வந்தது. அதற்குப் பிறகு கூட்டம் பேசிய பேச்சை நீயே கேட்டாய்.

மூன்று சனிக்கிழமை நீ வந்தாய். மூன்றிலும் உன் கருத்தைச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் வீட்டில் நான் கோபப்பட்டேன், இது உன் அம்மா கம்பெனி, உன் மனசுல இருக்கறத சொன்னா குறைஞ்சா போய்டுவே என்று. நீ தட்டில் கையை வைத்துக்கொண்டே, "நான் சொன்னா அது என் முடிவாயிடும்மா. நாளைக்குப் புளி விக்கலன்னா எல்லாரும் என்னைத் தேடுவாங்க. நான் சென்னையில இருப்பேன்" என்றாய். எனக்கு அது அன்றைக்குக் கல்நெஞ்சுப் பேச்சாகப் பட்டது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியையே கலைத்துப் போட்டுக் கட்டினோம். ஒரே குடோன், ஒரே லாரி, ஒரே ஆள் என்பது போய், ஏழு ஊரிலும் அந்தந்த ஊர்ப் பெண்களே தரம் பிரித்து, வில்லையாகத் தட்டி, அவரவர் பிடித்த இடத்துக்கு விற்பது, கம்பெனி பெயரும் தரமும் மட்டும் பொது என்று முடிவானது. அதைச் சொல்வது சுலபம். அந்தப் பெரிய ஆட்கள் கோபப்படவில்லை, மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பிவிட்டு அந்த வருடம் ஒரு மூட்டைகூட எடுக்கவில்லை. பூங்காவனம் கேட்டது அப்படியே நடந்தது. சம்பளத்துக்கு வைத்திருந்த மேனேஜர் வேறு வேலைக்குப் போனார். பலர் பழையபடி செங்கத்து வியாபாரியிடம் போனார்கள். மழைக்காலம் வந்தது, குடோனில் புளி கறுத்துக்கொண்டே போனது. சந்தையில் ஒருத்தி என் காதுபட, பையன் பாடம் நடத்தி அம்மா கம்பெனிய மூடிட்டான் என்றாள். உன் அப்பா மட்டும் நம் மரத்துப் புளி முழுவதையும் கொண்டுவந்து அதே குடோனில் போட்டார். நம் மரத்துப் புளியை வெளியே விற்கலாமே என்று நானே சொன்னேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாதங்களில் நீ தினமும் சாயங்காலம் போன் செய்வாய். எப்படி விற்றது என்று ஒருநாளும் கேட்கவில்லை. இன்றைக்கு யாரிடம் போய்ப் பேசினீர்கள் என்று மட்டும் கேட்பாய். யாரிடமும் பேசவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே நான் பஸ் ஏறினேன். பூங்காவனமும் நானும் திருப்பத்தூரில் ஊறுகாய் போடுகிறவர்கள், போளூர் மெஸ்கள், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிகள் என்று ஏறி இறங்கினோம். கறுத்த புளியை யார் வாங்குவார்கள் என்று நான் தலையில் கை வைத்திருந்தபோது, பழம்புளிதான் உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிற சமையல்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒரு மெஸ்ஸின் சமையற்கட்டில் நின்று அவள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அந்த வருடம் பிழைத்தோம், அவ்வளவுதான். அடுத்த வருடம் மூச்சு விட்டோம். போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். அந்தப் பெரிய ஆட்களும் வந்தார்கள். இப்போது அவர்களுக்கும் கொஞ்சம் கொடுக்கிறோம், மற்றவர்களில் ஒருவராக.

அதற்குப் பிறகு கம்பெனியின் பொதுக்குழு கூடிய அன்று நீ ஊரில் இல்லை. கம்பெனி பிழைத்ததற்காக எல்லாரும் எனக்கு மாலை போட ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் எழுந்து, மாலை போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லவேண்டும் என்று, எட்டாம் வகுப்புச் சட்டத்தைச் சொன்னேன். பூங்காவனம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அவளிடம்கூட முன்னாலே சொல்லவில்லை. கேள்வி கேட்டவளை அனுப்பினவள் இந்த நாற்காலியில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சிலர் என்னோடு பல நாள் பேசவில்லை. அது நியாயம்தான். அவளைத் தலைவராக நான் முன்மொழியவில்லை, அவர்களாகவே செய்தார்கள். இதுதான் நீ கேட்ட காரணம். உன்னிடம் இத்தனை நாள் சொல்லாதது, உன் நோட்டில் நீ நம்பி எழுதிய அந்த ஒரு வரிக்காக. மகனிடம் பொய் சொன்னதை ஒத்துக்கொள்வது தொண்ணூறு பேர் எதிரில் ஒத்துக்கொள்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இதைப் பூங்காவனத்துக்குப் படித்துக் காட்டிவிட்டேன். பெயரை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி என்றாள். நீ இதை அப்படியே உன் மாணவர்களுக்குக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். போகிற இடத்தில் பெரிய பெரிய கம்பெனிக் கதைகள் இருக்கும், தலைகீழாக மாறிய கம்பெனிகள், மாற்றிக் காட்டிய பெரிய மனிதர்கள். உனக்குக் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் என்னைப்போலத்தான் இருப்பார்கள், நன்றாகச் சொல்வார்கள். நீ அவர்களை நம்பாதே என்று சொல்லமாட்டேன். அவர்கள் சொல்லி முடித்ததும் இன்னொரு நாள் கூடத் தங்கி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் யார் என்று விசாரி. அந்த ஒல்லியான பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் நான் விசாரித்ததாகச் சொல். இன்னொன்று, காத்திருக்கிற அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே. அங்கே எல்லாரும் வேகமாகப் பேசுகிறவர்களாக இருப்பார்கள். தடுமாறுகிற பிள்ளை பேசி முடிக்கும்வரை நீ நின்ற அந்த நிற்பைப் பார்த்துத்தான், இரண்டு வருடம் சொந்தக்காரர்களிடம் நான் மறைத்த உன் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன், என் பையன் வாத்தியார் என்று.

போன வாரம் கூட்டத்தில் நான் ஒரு யோசனை கொண்டுவந்தேன், கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு வேன் வாங்கவேண்டும் என்று. நன்றாகத்தான் பேசினேன். போன வருடம் சேர்ந்த ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு வந்திருந்தாள், எழுந்து, சீசன் முடிந்தால் அந்த வேன் மீதி மாதமெல்லாம் சும்மாதானே நிற்கும் என்று கேட்டாள். பூங்காவனம் கை தூக்கச் சொன்னாள். எனக்கு ஆதரவாக மூன்று கை. ஒன்று என்னுடையது, ஒன்று உன் அப்பாவுடையது, மூன்றாவது தூங்கிக்கொண்டிருந்த காளியப்பன், யாரோ இடித்ததால் தூக்கினார். கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் என் பக்கமே வராமல் சுவரோரமாக நழுவப் பார்த்தாள். நான் கூப்பிட்டேன். பயந்துபோய், "கோவமாம்மா?" என்றாள். உன் கணக்கை எனக்கு மறுபடி ஒருமுறை சொல்லு, பாதிதான் புரிந்தது என்றேன். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள். இரண்டு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் எழப் பார்த்தாள். அடுத்த பஸ் வரும், நீ முழுசா சொல்லு என்றேன்.

உன் நலம் நாடும்,
அம்மா